கம்ப்யூட்டருக்குள் ஓர் அயர்லாந்து ஸ்ட்ரைக்கர்

டெக்லன் மாலோனி என்று ஒரு கால்பந்து வீரன். அயர்லாந்தின் டப்ளின் நகரைச் சேர்ந்தவன். தன் நாட்டு அணிக்காக 139 ஆட்டங்களில் 68 கோல்கள் போட்டிருக்கிறான். இன்னும் ஒன்று போட்டால் அயர்லாந்து வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவன் அவன்தான். இன்டர்நெட்டில் தேட வேண்டாம், கிடைக்க மாட்டான். அவன் இருப்பது என் வீட்டுக் கம்ப்யூட்டரில், ஒரே ஒரு பைலுக்குள். சரியாகச் சொன்னால் இரண்டு பைல்களுக்குள். அந்த இரண்டாவது பைல் எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கம்ப்யூட்டர் கேம்ஸ் என்றாலே துப்பாக்கியும் கார் ரேஸும் என்று நினைப்பவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன். புட்பால் மேனேஜர் அந்த வகை இல்லை. இதில் நீங்கள் பந்தை உதைப்பதில்லை. அணியின் மேனேஜர் நீங்கள். யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரை முன்வரிசையில் நிறுத்துவது என்று முடிவெடுத்துவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டும். திரையில் பெரும்பாலும் அட்டவணைகள்தான். முதலில் பார்த்த என் மனைவி, ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன் என்றே நினைத்துவிட்டாள்.

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் பால் காலியர், ஆலிவர் காலியர் என்ற சகோதரர்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதிய புரோகிராம் இது. 1992ல் சாம்பியன்ஷிப் மேனேஜர் என்ற பெயரில் வெளியானது. பிறகு வெளியீட்டு நிறுவனத்துடன் பிரிவு ஏற்பட்டு, பழைய பெயர் அவர்களிடமே தங்கிவிட, 2004 முதல் புட்பால் மேனேஜர் என்ற புதிய பெயரில் வருகிறது. 2025க்கான பதிப்பு வெளிவராமலேயே கைவிடப்பட்டது. அடுத்த பதிப்பு 2025 நவம்பரில் வந்தது. நான் இன்னும் 2024 பதிப்பிலேயே இருக்கிறேன். பழகிய வீட்டை விட்டுக் கிளம்ப மனம் வரவில்லை.

டெக்லன் பிறந்த கதை

கேமைத் தொடங்கும்போது உள்ளே இருப்பவர்கள் எல்லாம் நிஜ வீரர்கள். ஒவ்வொருவரும் டேட்டா பேஸில் ஒரு வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம், கோல் அடிக்கும் திறன், பதற்றப்படாத குணம் என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 20 வரை மதிப்பெண். நம் கண்ணுக்குத் தெரியாத எண்களும் உண்டு. ஒரு வீரன் எவ்வளவு உயரத்திற்கு வளர முடியும் என்பதற்கு 200க்குள் ஓர் எண்; அவன் எவ்வளவு சுலபமாகக் காயப்படுவான் என்பதற்கு இன்னொரு எண்.

கேமில் ஆண்டுகள் ஓட ஓட நிஜ வீரர்கள் வயதாகி ஓய்வு பெறுகிறார்கள். அந்த இடத்தை நிரப்ப, ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு கிளப்பிலும் புதிய சிறுவர்களைக் கம்ப்யூட்டரே உருவாக்குகிறது. பெயர், முகம், உயரம், குணம் எல்லாம் அதன் கற்பனை. நான் டப்ளினின் டாலட் பகுதியில் உள்ள ஷாம்ராக் ரோவர்ஸ் கிளப்புக்கு மேனேஜர். 2026ஆம் ஆண்டுப் பட்டியலில் 16 வயதுப் பையனாக வந்து நின்றான் டெக்லன்.

டாலட் என்றதும் கால்பந்து பார்ப்பவர்களுக்கு ஒரு பெயர் நினைவுக்கு வரும். ராபி கீன் 1980ல் பிறந்து வளர்ந்த ஊர் அது. அயர்லாந்துக்காக 146 ஆட்டங்கள், 68 கோல்கள். 2002 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக, ஆட்டம் முடிந்தே விட்டது என்ற நிலையில், கூடுதல் நேரத்தில் கோல் போட்டு சமன் செய்தவர். 2016 ஆகஸ்ட் 31ல் ஓமனுக்கு எதிரான தன் கடைசி ஆட்டத்திலும் ஒரு கோல் அடித்துவிட்டுத்தான் விடைபெற்றார். 2017ல் கொல்கத்தா அணிக்காக இந்தியாவிலும் வந்து ஆடினார்; சில வாசகர்கள் டி.வி.யில் பார்த்திருக்கலாம்.

கீன் பள்ளி வயதிலேயே இங்கிலாந்தின் வுல்வ்ஸ் கிளப்புக்குப் போய்விட்டவர். 17 வயதில் அங்கே முதல் ஆட்டம், அதில் இரண்டு கோல். ஆனால் டெக்லனால் அப்படிப் போக முடியவில்லை. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, 2021 ஜனவரி முதல், 18 வயது நிறையாத வெளிநாட்டுச் சிறுவர்களை இங்கிலாந்து கிளப்புகள் எடுக்க முடியாது. கேமிலும் அதே விதியை வைத்திருக்கிறார்கள். ஆகவே இரண்டு ஆண்டுகள் அவன் என்னிடம் இருந்தான். 18 வயது முடிந்த வாரமே இங்கிலாந்தில் இருந்து நல்ல விலைக்குக் கேட்டார்கள். விற்றுவிட்டேன். அந்தப் பணத்தில் மூன்று பேரை வாங்கினேன், மூவருமே சுமார். அதன் பிறகு அவன் அடித்த ஒவ்வொரு கோலையும் வெளியே நின்றுதான் பார்த்தேன்.

மகள் போட்ட கணக்கு

என் மகள் ஏழாம் வகுப்பு. அவளுக்கு எக்ஸெல் கற்றுக்கொடுக்க இதையே பயன்படுத்தினேன். நீங்களும் செய்து பாருங்கள்; பாடப் புத்தகத்தில் வரும் கற்பனைக் கடையின் சோப்பு விற்பனைக் கணக்கைவிட இது சுவையாக இருக்கும்.

முதல் வரிசையில் பெயர், ஆட்டம், கோல், சராசரி என்று தலைப்புகள் கொடுத்தோம். அடுத்து அயர்லாந்தின் நிஜ வீரர்கள். ராபி கீன் 146, 68. நயால் குவின் 92, 21. பிராங்க் ஸ்டேபிள்டன் 71, 20. டான் கிவன்ஸ் 56, 19. பழைய காலத்தவர் இருவரையும் சேர்த்தோம்: ஜிம்மி டன் 15, 13, பேடி மூர் 9, 7. நான்காவது செல்லில் =C2/B2 என டைப் செய்து என்டர் தட்டினால் சராசரி கிடைக்கும். அந்த செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் மற்றவர்களுக்கும் வந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கோல் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்த, மகள் அந்த ஒரு காலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து சார்ட் பட்டனை அழுத்தினாள். பக்கத்தில் உள்ளவற்றையும் சேர்க்கவா என்று எக்ஸெல் கேட்டது. அவள் படிக்காமலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பெயர்கள் அப்படியே நிற்க, கோல் எண்ணிக்கை மட்டும் இடம் மாறி, கீனின் எண் மூருக்குப் போய்விட்டது. கன்ட்ரோல், இசட் கீகளை அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பலாம். வரிசைப்படுத்தும் முன் அட்டவணை முழுவதையும் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு.

சராசரிப்படி சரியாக வரிசைப்படுத்தியதும் மகளுக்கு ஆச்சரியம். முதலிடத்தில் கீன் இல்லை. ஜிம்மி டன் 0.87, பேடி மூர் 0.78, அதன் பிறகுதான் கீன் 0.47. கோல் எண்ணிக்கையில் இரண்டாவதாக இருந்த குவின், சராசரியில் 0.23 என்று கடைசிக்குப் போய்விட்டார். டன்னும் மூரும் ஆடிய 1930களில் அயர்லாந்து ஆண்டுக்கு ஒரு சில சர்வதேச ஆட்டங்களே ஆடியது, வாய்ப்பே குறைவு. டப்ளினில் பிறந்த இந்த டன், ஷெபீல்டு யுனைடெட் அணிக்காக 1931-32ல் இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் தொடர்ந்து 12 ஆட்டங்களில் கோல் அடித்தவர். 2015ல் ஜேமி வார்டி தொடர்ந்து 11 ஆட்டங்களில் அடித்து பிரீமியர் லீக் சாதனை படைத்தபோதும் டன்னின் 12 அப்படியேதான் நின்றது. டெக்லனும் ஒரு சீசனில் ஒன்பது ஆட்டம் வரை வந்து நின்றுவிட்டான். அன்று நான் வருத்தப்பட்டேனே தவிர வேறொன்றும் செய்யவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தொல்லையையும் சொல்லிவிடுகிறேன். 1934ல் டப்ளினில் நடந்த உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் அயர்லாந்தும் பெல்ஜியமும் 4-4 என சமன் செய்தன. அயர்லாந்தின் நான்கு கோலும் மூர் அடித்தவை. மகள் 4-4 என்று டைப் செய்ததும் அது ஏப்ரல் 4ஆம் தேதியாக மாறிவிட்டது! எக்ஸெல் இதைத் தேதி என எடுத்துக்கொள்கிறது. முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள் குறியை டைப் செய்துவிட்டு 4-4 கொடுத்தால் அப்படியே நிற்கும்.

டெக்லனுக்குத் தனி ஷீட். நான் இரவில் ஆடியதை மறுநாள் மாலை பள்ளி விட்டு வந்ததும் மகள் பதிவு செய்வாள். தேதி, எதிரணி, கோல், மொத்தம். கடைசிக் காலத்தில் அவளாகவே 'குறிப்பு' என்று ஒரு தலைப்பைச் சேர்த்துக்கொண்டாள்.

அந்த அக்டோபர் இரவு

கேமில் 2041 அக்டோபர். டெக்லனுக்கு 31 வயது. 138 ஆட்டம், 68 கோல், கீனுக்குச் சமம். டப்ளினில் தகுதி ஆட்டம். ஆட்டத்திற்கு முன் 'ஆட்டத்துக்கு முன்' என்று பெயர் கொடுத்து ஒரு பைலாக சேவ் செய்துகொண்டேன். 23ஆம் நிமிடம் டெக்லன் விழுந்தான். கால் முறிவு. எட்டு மாதம் ஆட முடியாது என்று செய்தி வந்தது. மனம் சரியில்லாமல் கேமில் மேலும் சில நாட்களைத் தள்ளிவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் இரவு அந்த 'ஆட்டத்துக்கு முன்' பைலைத் திறந்தேன். மறைக்க ஒன்றுமில்லை, நானே செய்தேன். ஒரே பைலைத் திறந்து ஒரே ஆட்டத்தை மீண்டும் ஆடினால் ஒரே முடிவு வராது. டெக்லனின் மதிப்பெண்கள் அதேதான். ஆனால் ஒவ்வொரு உதைக்கும் கம்ப்யூட்டர் பகடையைப் புதிதாக உருட்டுகிறது. இரண்டாவது முறை காயம் இல்லை, கோலும் இல்லை. மூடிவிட்டுத் திரும்பத் திறந்தேன். மூன்றாவது முறை பந்து கம்பத்தில் பட்டது. நான்காவது முறை, 81ஆம் நிமிடம், கோல்! 69. உடனே சேவ் செய்தேன். மணி ஒன்றரை. கைதட்டக்கூட ஆள் இல்லை.

அடுத்த நாள் மாலை மகள் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். "அப்பா, இதுல 69ன்னு இருக்கே. அவருக்குத்தான் கால் உடைஞ்சு போச்சே?" அவள் முந்தைய நாளே பதிவு செய்திருந்தாள்: 139ஆவது ஆட்டம், கோல் 0, மொத்தம் 68. குறிப்பில் 'கால் முறிவு, பாவம்.'

நடந்ததைச் சொன்னேன். சிறிது நேரம் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான் எதை அழிக்கணும்?" என்றாள்.

காயம்பட்ட டெக்லன் போயே போய்விட்டான் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. இந்த கேமின் பிரிபரன்சஸ் பகுதியில், எவ்வளவு நாளுக்கு ஒருமுறை தானாக சேவ் ஆக வேண்டும், ஒரே பைலின் மேல் எழுதவா அல்லது மாறி மாறிப் பல பைல்களில் எழுதவா என்று கேட்கப்படும். பல பைல்கள் என்பதை எப்போதோ தேர்ந்தெடுத்திருந்தேன். விண்டோஸில் டாக்குமெண்ட்ஸ் போல்டரைத் திறந்து, அதில் ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ், அதனுள் புட்பால் மேனேஜர் 2024, அதனுள் கேம்ஸ் என்று போனேன். காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து, சார்ட் பை என்பதில் தேதி வாரியாக அடுக்கினேன். இருந்தது. கால் முறிந்த இரவு தானாக சேவ் ஆன பைல். நான் இன்னும் இரண்டு மூன்று இரவுகள் ஆடியிருந்தால் அதன் மேல் வேறொன்று எழுதப்பட்டிருக்கும்.

அதை முதலில் காப்பி செய்து பென் டிரைவில் பேஸ்ட் செய்தேன். இந்த வகை பைல்கள் பெரியவை, நூறு எம்.பி.யையும் தாண்டலாம், பென் டிரைவில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த பைலையும் சோதித்துப் பார்க்கும் முன் இப்படி ஒரு நகலை எடுத்துவிடுங்கள். உங்கள் வீட்டுக் கல்யாணப் போட்டோவுக்கும் இதே வேலைதான்.

பிறகு அந்த பைலைத் திறந்து அங்கிருந்தே தொடர்கிறோம். எட்டு மாதம் என்றது ஒன்பதரை மாதம் ஆனது. டெக்லனுக்கு 32 வயது. வேகத்திற்கு 15 இருந்த மதிப்பெண் 11 ஆகிவிட்டது. கிளப்பில் பாதி நேரம் பெஞ்சில்தான் உட்காருகிறான். அயர்லாந்து அணி தேர்வு இரண்டு முறை நடந்துவிட்டது. இரண்டிலும் அவன் பெயர் இல்லை. தேசிய அணியின் மேனேஜர் நான் இல்லை என்பதால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

69 கோல் இருந்த பைலை மகள் அழிக்க விடவில்லை. ரைட் கிளிக் செய்து ரீநேம் கொடுத்து, 'அப்பா செஞ்சது' என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறாள். அடுத்த அணித் தேர்வு கேம் கணக்கில் இன்னும் ஒன்பது நாளில். ஷீட்டில் 140 என்று எழுதி, கோல் என்ற செல்லைக் காலியாக விட்டிருக்கிறாள்.