உஷார்! கையில் கிரீன் கார்டு இருக்கா? ஊருக்கு டிக்கெட் போடும் முன் இதைப் படியுங்கள்!

அமெரிக்காவில் கிரீன் கார்டோடு இருக்கும் பிள்ளைகளே, ஒரு நிமிஷம்! "5 வருஷம் ஆனா சிட்டிசன்ஷிப் தானா வந்துடும்" என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? வராது! அந்த 5 வருஷத்தில் எத்தனை நாள் அங்கே இருந்தீர்கள், எத்தனை நாள் வெளியே போனீர்கள் என்று ஒவ்வொரு பயணமாக எண்ணுவார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண். திருச்சியில் அம்மாவுக்குப் பக்கவாதம். ஒரே மகள், போகாமல் இருக்க முடியுமா? முன்யோசனையாக ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினாள். 14 மாதம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. 5 வருஷம் முடிந்ததும் 710 டாலர் கட்டி என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பம் போட்டாள். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, ராத்திரி ராத்திரியாக அமெரிக்க வரலாற்றுக் கேள்விகளை உருப்போட்டாள்.

இன்டர்வியூவில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே வந்தார். திருச்சி முத்திரையில் பேனா நின்றது. விண்ணப்பம் தள்ளுபடி! கட்டிய பணமும் போச்சு.

"பெர்மிட் இருந்ததே!" என்று அழுதாள். அம்மாடி, அந்த பெர்மிட் உன் கிரீன் கார்டைத்தான் காப்பாற்றும். குடியுரிமைக்கு வேண்டிய தொடர் வசிப்பைக் காப்பாற்றாது! இதை அவளுக்கு யாருமே சொல்லவில்லை. திரும்பி வந்த நாளிலிருந்து குறைந்தது 4 வருஷமும் 1 நாளும் அவள் காத்திருக்க வேண்டும்.

ஒரே பயணத்தில் 6 மாதம் தாண்டினாலே ஆபத்து. வேலையை விட்டுவிட்டு, வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தால் இன்னும் ஆபத்து. "நான் இங்கேதான் குடியிருக்கிறேன்" என்று எதைக் காட்டுவீர்கள்? சின்னச் சின்னப் பயணம்தானே என்றும் இருக்காதீர்கள். 5 வருஷத்தில் மொத்தம் 30 மாதமாவது அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். அமெரிக்கக் குடிமகனை மணந்து, சேர்ந்து வாழ்ந்து, 3 வருஷத்தில் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம்.

இதைவிடப் பயங்கரம் ஒன்று உண்டு. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போகும் இடத்தில் "வாக்காளராகப் பதிவு செய்யலாமா?" என்று கேட்பார்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று அவசரத்தில் தலையாட்டி, நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்! குடிமகன் என்று பொய் சொன்ன கணக்காகிவிடும். ஓட்டும் போட்டுவிட்டால் நாட்டை விட்டே அனுப்பலாம்.

வரிக் கணக்கில் உங்களை வெளிநாட்டில் வசிப்பவராகக் காட்டியிருக்கிறீர்களா? எப்போதோ போலீஸ் பிடித்ததை, "கேஸ் முடிஞ்சுபோச்சு" என்று விண்ணப்பத்தில் மறைக்கிறீர்களா? ஆணாக இருந்து, கிரீன் கார்டோடு இருந்த 18 முதல் 25 வயதில் ராணுவப் பதிவில் பெயர் கொடுக்காமல் விட்டீர்களா? எல்லாமே இன்டர்வியூ மேஜைக்கு வரும்.

இன்னொன்று. இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. அங்கே குடியுரிமை உறுதிமொழி எடுத்த அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும். பழைய பாஸ்போர்ட்டில் ஊருக்கு வந்து மாட்டிக்கொள்ளாதீர்கள், ஒப்படைத்துவிடுங்கள். வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வாங்கினாலும் இங்கே விவசாய நிலம் வாங்க முடியாது.

இன்றைக்கே பழைய பாஸ்போர்ட்டையும் சேர்த்து எடுங்கள். போன தேதி, வந்த தேதி, ஒவ்வொன்றாக ஒரு தாளில் எழுதுங்கள். 6 மாதம் தாண்டிய பயணம் ஒன்றே ஒன்று இருந்தாலும், பணம் கட்டுவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் அந்தத் தாளைக் காட்டிவிடுங்கள்.