அண்டர் த ஷேடோ (2016 திரைப்படம்)

அண்டர் த ஷேடோ என்பது 2016 ஆம் ஆண்டில் வெளியான, பாரசீக மொழியில் அமைந்த அமானுடத் திகில் திரைப்படம் ஆகும். பெயரின் பொருள் 'நிழலின் கீழ்' என்பதாகும். ஈரானில் பிறந்து பிரித்தானியாவில் வாழும் பாபக் அன்வாரி இதனை எழுதி இயக்கினார். இது அவருடைய முதல் முழுநீளத் திரைப்படம். ஏவுகணைத் தாக்குதலுக்கு உள்ளான தெகுரான் நகரில், அடுக்குமாடி வீடொன்றில் தனித்து விடப்படும் தாயும் மகளும் எதிர்கொள்ளும் அச்சமே இதன் கதை.

வரலாற்றுப் பின்னணி

ஈரான்–ஈராக் போர் 1980 செப்டம்பரில் தொடங்கி 1988 ஆகத்து வரை நீடித்தது. போர்முனைக்கு வெளியே, இரு நாடுகளும் ஒன்றன் நகரங்களை மற்றொன்று தாக்கிய கட்டங்கள் 'நகரங்களின் போர்' எனப்படுகின்றன. 1988 இன் தொடக்கத்தில் ஈராக்கின் ஏவுகணைகள் தெகுரானையே எட்டின. அபாயச் சங்கு ஒலித்ததும் மக்கள் நிலவறைகளுக்கு ஓடினர். கண்ணாடி சிதறாமல் இருக்கச் சாளரங்களில் ஒட்டுநாடாவைப் பெருக்கல் குறி வடிவில் ஒட்டினர். ஏராளமானோர் நகரை விட்டே வெளியேறினர்.

1979 புரட்சிக்குப் பின் நாட்டினுள்ளும் பெரும் மாற்றங்கள் நிகழ்ந்தன. பண்பாட்டுப் புரட்சி என்ற பெயரில் 1980 இல் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. சில ஆண்டுகளுக்குப் பின் அவை மீண்டும் திறக்கப்பட்டபோது, அரசியல் காரணங்களுக்காகப் பலருக்குக் கல்வி மறுக்கப்பட்டது. பொது இடங்களில் பெண்கள் தலையை மறைப்பது கட்டாயமாக்கப்பட்டது. கதையைப் புரிந்துகொள்ள இவ்விரு பின்னணிகளும் தேவை.

கதைச்சுருக்கம்

சீதே (நர்கெசு ரசீதி) மருத்துவக் கல்வியைத் தொடர விரும்புகிறாள். மாணவப் பருவத்தில் இடதுசாரி அரசியலில் ஈடுபட்டாள் என்பதால் பல்கலைக்கழகம் அவளை ஏற்க மறுக்கிறது. வீடு திரும்பியதும் தன் பாடநூல்களைத் தூக்கி எறிகிறாள். இறந்துபோன தாய் பரிசளித்த ஒரு மருத்துவ நூலை மட்டும் வைத்துக்கொள்கிறாள்.

மருத்துவரான கணவன் ஈராசு (பாபி நதேரி) போர்முனைப் பணிக்கு அழைக்கப்படுகிறான். தன் பெற்றோரிடம் சென்றுவிடுமாறு அவன் கூறியும், சீதே மகள் தோர்சாவுடன் (அவின் மன்சாதி) தெகுரானிலேயே தங்குகிறாள். அக்கம்பக்கத்தில் வந்து தங்கிய அனாதைச் சிறுவன் ஒருவன் 'சின்' என்னும் தீய சக்தியைப் பற்றித் தோர்சாவிடம் சொல்கிறான்.

ஒருநாள் மேல்வீட்டின் மீது விழும் ஏவுகணை வெடிக்காமல் நின்றுவிடுகிறது. அங்கிருந்த முதியவர் மாரடைப்பால் இறக்கிறார். சீதே முயன்றும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. அவள் வீட்டுக் கூரையில் ஒரு விரிசல் விழுகிறது. அதன்பின் தோர்சாவின் பொம்மை காணாமல் போகிறது. அண்டை வீட்டார் ஒவ்வொருவராக வெளியேற, தாயும் மகளும் தனித்து விடப்படுகின்றனர்.

கருப்பொருள்

படத்தின் பெரும்பகுதி ஒரே கட்டடத்தினுள் நிகழ்கிறது. ஆயினும் சீதேயை அடைத்து வைத்திருப்பது சுவர்கள் மட்டுமல்ல. மேலே ஏவுகணை, வெளியே கட்டுப்பாடு, உள்ளே குற்றவுணர்வு என மூன்று வகை அடைப்புகள் அவளைச் சூழ்ந்துள்ளன. அச்சம் தாங்காமல் மகளைத் தூக்கிக்கொண்டு அவள் தெருவுக்கு ஓடும்போது, முக்காடு அணியாத குற்றத்துக்காகக் காவலர்கள் பிடித்துச் செல்கின்றனர். எச்சரிக்கைக்குப் பின் அவள் எந்த வீட்டிலிருந்து தப்பி ஓடினாளோ அதே வீட்டுக்கே திரும்ப வேண்டியதாகிறது. இக்காட்சியில் படத்தின் மையக் கருத்து முழுவதும் அடங்கியுள்ளது எனலாம்.

திகில் படங்களில் வரும் மனிதர்கள் பேய் வீட்டை விட்டு ஏன் போவதில்லை என்பது பார்வையாளர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. இப்படம் அதற்கு இரண்டு விடைகளைத் தருகிறது. ஒன்று, பொம்மை கிடைக்காமல் தோர்சா வர மறுக்கிறாள். மற்றொன்று, கணவன் சொற்படி வெளியேறினால் தன் இயலாமையை ஒப்புக்கொண்டதாகும் எனச் சீதே கருதுகிறாள்.

இசுலாமிய மரபில் சின் என்பது இறந்தவரின் ஆவி அன்று. புகையற்ற நெருப்பிலிருந்து படைக்கப்பட்ட தனிவகை உயிர். படத்தில் அது காற்றோடு வருகிறது. ஒருவர் உயிராய் மதிக்கும் பொருளைக் கவர்ந்து, அதன் வழியாக அவரைப் பற்றிக்கொள்கிறது. மகளிடமிருந்து பொம்மையும் தாயிடமிருந்து மருத்துவ நூலும் பறிபோவது இதனால்தான். தொலைபேசியில் கணவனின் குரலில், நல்ல தாயாக இருக்கத் தகுதியற்றவள் என்று அது சீதேயைப் பழிக்கிறது. அவள் உள்ளத்தில் ஏற்கெனவே இருந்த ஐயமே அங்கு குரலாக ஒலிக்கிறது. வெறுமனே மிதந்து வரும் பெண்களின் போர்வையாக அந்தச் சக்தி உருவெடுப்பதும் கவனிக்கத்தக்கது.

தொடக்கத்தில் இவையெல்லாம் உறக்கமின்மையாலும் போர் அச்சத்தாலும் எழுந்த மனமயக்கம் எனக் கொள்ள இடமுண்டு. பிற்பகுதியில் தாயும் மகளும் ஒருங்கே அதை எதிர்கொள்வதால் அவ்விளக்கம் போதாமல் போகிறது. இருவரும் மகிழுந்தில் ஏறித் தப்பினாலும் பொம்மையின் தலையும் மருத்துவ நூலும் அவ்வீட்டிலேயே தங்கிவிடுகின்றன. இடத்தை விட்டு நீங்குவதால் மட்டும் மன அதிர்ச்சி நீங்குவதில்லை என்பதை இம்முடிவு உணர்த்துகிறது.

தயாரிப்பு

அன்வாரி தெகுரானில் பிறந்தவர். போர்க்கால நகரில் குழந்தைப் பருவத்தைக் கழித்தவர். இவருடைய 'டூ அண்ட் டூ' என்ற குறும்படம் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அண்டர் த ஷேடோ பிரித்தானியா, யோர்தான், கத்தார் ஆகிய நாடுகளின் கூட்டுத் தயாரிப்பாகும். படப்பிடிப்பு யோர்தானில் நடைபெற்றது. கிட் பிரேசர் ஒளிப்பதிவு செய்தார். படம் ஏறத்தாழ 84 நிமிடங்கள் ஓடக்கூடியது.

வரவேற்பு

2016 சனவரியில் சன்டான்சு திரைப்பட விழாவில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. நெட்ஃபிளிக்சு இதன் உரிமையைப் பெற்றது. பிரித்தானியத் தற்சார்புத் திரைப்பட விருதுகளில் சிறந்த திரைக்கதைக்கான விருதை அன்வாரியும், சிறந்த துணை நடிகைக்கான விருதைச் சிறுமி அவின் மன்சாதியும் பெற்றனர். 2017 இல் சிறந்த அறிமுகப் பிரித்தானியப் படைப்பாளிக்கான பாஃப்டா விருது அன்வாரிக்கும் தயாரிப்பாளர்களுக்கும் வழங்கப்பட்டது. சிறந்த வெளிநாட்டு மொழித் திரைப்படத்துக்கான 89 ஆவது ஆசுக்கர் விருதுப் போட்டிக்குப் பிரித்தானியா இப்படத்தையே அனுப்பியது. எனினும் இறுதிப் பரிந்துரைப் பட்டியலில் இது இடம்பெறவில்லை.