தொற்றுநோய்க் காலத்தில் தேர்வுத் தராசு



மளிகைக் கடைக்காரர் துவரம் பருப்பு நிறுத்துக் கொடுக்கிறார். அவருடைய எடைக்கருவியில் அரசு முத்திரை ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த முத்திரைக்கு என்ன பொருள்? பெருங்களத்தூர்க் கடையின் ஒரு கிலோவும் பேராவூரணிக் கடையின் ஒரு கிலோவும் ஒன்றே என்பதுதான்.

பொதுத்தேர்வும் நுழைவுத்தேர்வும்கூட இத்தகைய எடைக்கருவிகளே. ஒரே வினாத்தாள், ஒரே நாள், ஒரே கால அளவு, ஒரே திருத்தும் முறை ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் ஓர் ஊர் மாணவனின் மதிப்பெண்ணை வேறோர் ஊர் மாணவியின் மதிப்பெண்ணோடு ஒப்பிட முடியும். இந்த நான்கில் ஒன்று தவறினாலும் தராசு ஒரு பக்கம் சாயத் தொடங்கும். 2020ஆம் ஆண்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வைரஸ் இந்த நான்கையும் ஒருசேர அசைத்துப் பார்த்தது. அப்போது என்ன நடந்தது, அதிலிருந்து அறிவியல் நமக்கு என்ன கற்றுத் தருகிறது என்பதைப் பார்ப்போமா?

ஒரு காலைப் பொழுது

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. தமிழ்நாட்டில் பிளஸ் டூ பொதுத்தேர்வின் கடைசி நாள். வேதியியல், கணக்குப்பதிவியல், புவியியல் ஆகிய தாள்கள் எஞ்சியிருந்தன. அன்று மாலை 6 மணி முதல் மாநிலத்தில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வர இருந்தது. புறநகர் மின்ரயில்கள் முந்தைய நாளே நின்றுவிட்டன. மாணவர்கள் வந்து சேர வேண்டுமே என்பதற்காகத் தேர்வு அரை மணி நேரம் தள்ளி, 10.30க்குத் தொடங்கியது.

பெருங்களத்தூரில் எங்கள் வீட்டிற்கு மூன்று வீடு தள்ளி ஒரு மாணவி இருந்தாள். தினமும் மின்ரயிலில் பள்ளிக்குப் போகிறவள். அன்று அவளை என் ஸ்கூட்டரில் ஏற்றிச் சென்று பள்ளி வாசலில் இறக்கிவிட்டேன். தேர்வு முடிந்து திரும்பும்போது அவள் முகம் வாடியிருந்தது. "கேள்வித்தாள் கடினமா?" என்று கேட்டேன்.

"இல்லை சார். என் பக்கத்துப் பெஞ்சுத் தோழி ஊரப்பாக்கத்திலிருந்து வரணும். அவள் வரவே இல்லை. இனி அவளுக்கு மட்டும் தனியாக வேறு கேள்வித்தாள் கொடுத்தால், அது நாங்கள் எழுதிய அதே பரீட்சை ஆகுமா?"

நல்ல கேள்வி! அவளுடைய தோழி மட்டுமல்ல, அன்று தேர்வெழுத முடியாமல் போனவர்கள் மாநிலம் முழுவதும் 30,000க்கும் மேற்பட்டோர். அவர்களுக்காக ஜூலை 27 அன்று தனியே தேர்வு நடத்தப்பட்டது. ஆனால் அந்த மாணவி கேட்ட கேள்விக்கு ஸ்கூட்டரில் வந்துகொண்டே விடை சொல்ல முடியவில்லை. அந்த விடைதான் இந்தக் கட்டுரை.

தேர்வு அறையில் காற்று

முதலில், தேர்வை ஏன் நிறுத்த வேண்டும்? மாணவர்கள் பேசாமல், தொடாமல், தத்தம் இடத்தில்தானே அமர்ந்திருக்கிறார்கள்?

நாம் மூச்சு விடும்போதும் இருமும்போதும் பல அளவுகளில் நீர்த்துளிகள் வெளிப்படுகின்றன. காற்றில் விழும் சிறு துளியின் முற்றுத் திசைவேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது ஸ்டோக்ஸ் விதி தரும் முடிவு. விட்டம் பத்து மடங்கு குறைந்தால் வேகம் நூறு மடங்கு குறையும். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள துளி சுமார் 6 நொடியில் தரைக்கு வந்துவிடும். நூறில் ஒரு பங்கு விட்டமுள்ள துளிக்குச் சுமார் 8 நிமிடம் ஆகும். ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மைக்ரான் விட்டமுள்ள துளி அசைவற்ற காற்றில் இறங்க ஏறத்தாழ 14 மணி நேரம் ஆகும்! மூன்று மணி நேரத் தேர்வு முடிந்து எல்லோரும் வீடு திரும்பிய பிறகும் அது அறையில் மிதந்துகொண்டிருக்கும்.

பெருந்தொற்றின் தொடக்கத்தில் பெரிய துளிகளையே பலரும் முக்கியமாகக் கருதினர். கொரோனா வைரஸ் பரவுவதில் இந்த நுண்துளிகளுக்குப் பெரும் பங்கு உண்டென்பது பின்னர் தெளிவாயிற்று. எனவே, பேசாமல் இருந்தாலும் ஒரே அறையில் இருப்பவர்கள் ஒரே காற்றைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

பெருங்களத்தூரிலிருந்து சென்னை நோக்கி மின்ரயிலில் சென்றால் தாம்பரத்துக்கு அடுத்த நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். 1928இல் டாக்டர் சௌரிமுத்து அங்கே காசநோயாளிகளுக்கான மருத்துவமனையை நிறுவினார். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து கண்டுபிடிக்கப்பட்டதே 1943இல்தான். அதற்கு முன் காசநோய்ச் சிகிச்சையில் திறந்தவெளிக் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் முதலிடம் இருந்தது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் நம் ஊரருகே கடைப்பிடிக்கப்பட்ட அந்தப் பாடம் 2020இல் உலகுக்கு மறுபடியும் நினைவுக்கு வந்தது. நல்ல காற்றோட்டம் நுண்துளிகளை அறையிலிருந்து வெளியேற்றிவிடும்.

24 ஏன் 12 ஆயிற்று?

மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு 2020 மே 3இல் நடக்க வேண்டியது. முதலில் ஜூலை 26க்கும் பின்னர் செப்டம்பர் 13க்கும் தள்ளிப்போனது. தேர்வு நடந்தபோது ஓர் அறைக்கு 24 பேர் என்பது 12 பேராகக் குறைக்கப்பட்டது. அதனால் தேர்வு மையங்களின் எண்ணிக்கை 2,546இலிருந்து 3,800க்கு மேல் உயர்ந்தது.

இதன் பின்னாலுள்ள கணக்கை நீங்களே போடலாம். நூறு பேரில் ஒருவருக்கு, தனக்கே தெரியாமல், தொற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 24 பேர் உள்ள அறையில் ஒருவருக்குமே தொற்று இல்லாதிருக்கும் நிகழ்தகவு 0.99ஐ 24 முறை பெருக்கிக் கிடைப்பது. அது சுமார் 0.79. ஆகவே குறைந்தது ஒருவருக்காவது தொற்று இருக்கும் வாய்ப்பு 21 சதவீதம். அறையில் 12 பேர் மட்டுமே என்றால் அது 11 சதவீதமாகிறது.

ஆனால் அறைகள் இரண்டாகிவிட்டனவே, பயன் என்ன என்று கேட்பீர்கள். ஒரே காற்றைச் சுவாசிக்கும் இணைகளை எண்ணிப் பாருங்கள். 24 பேரில் இருவர் இருவராக 24×23÷2 = 276 இணைகள். பன்னிரண்டு பேர் கொண்ட அறையில் 66 இணைகள். இரண்டு அறைகளிலும் சேர்த்து 132தான். அதே 24 மாணவர்கள், அதே தேர்வு. நோய் தாவக்கூடிய வழிகளோ பாதிக்கும் கீழே வந்துவிட்டன.

தள்ளிவைத்தால் எல்லோருக்கும் ஒன்றா?

2020இல் சீனாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் எழுதும் கல்லூரி நுழைவுத்தேர்வு ஒரு மாதம் தள்ளி ஜூலை 7இல் தொடங்கியது. தென்கொரியத் தேர்வு டிசம்பர் 3க்குப் போயிற்று. நம் பொறியியல் ஜே.இ.இ. மெயின் ஏப்ரலிலிருந்து செப்டம்பருக்கு வந்தது. எல்லோருக்கும் ஒரே அளவு நாள்கள்தானே கூடின, அதில் அநீதி எங்கே?

ஆய்வகத்தில் இருவகைப் பிழைகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அளக்கும்போதெல்லாம் சிறிது கூடியும் குறைந்தும் வருவது ஒழுங்கற்ற பிழை. பல முறை அளந்து சராசரி எடுத்தால் அது பெரும்பாலும் மறைந்துவிடும். திருகு அளவியின் சுழிப்பிழை போல ஒரே பக்கமாக இழுப்பது முறையான பிழை. ஆயிரம் முறை அளந்தாலும் அது சராசரியில் மறையாது.

தேர்வு தள்ளிப்போன மாதங்களில் தனி அறையும் கைப்பேசியும் இணையமும் உள்ள மாணவன் படித்தான். தந்தைக்கு வேலை போனதால் தானும் கடையில் நின்ற மாணவனுக்கு அந்த மாதங்கள் படிப்பைத் தரவில்லை. கல்வித் தொலைக்காட்சி வீட்டுக்கே பாடம் கொண்டுவந்தது உண்மை. ஆனால் நான்கு பேர் வாழும் ஒற்றை அறையில் தொலைக்காட்சி ஒன்றுதானே! இந்த வேறுபாடு ஒழுங்கற்ற பிழை அல்ல, முறையான பிழை.

அந்த ஆண்டு நீட் தேர்வுக்குப் பதிவு செய்தோர் சுமார் 15.97 லட்சம், எழுதியோர் சுமார் 13.67 லட்சம். நோய்த்தொற்றாலும் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருந்ததாலும் எழுத முடியாதவர்களுக்கு உச்ச நீதிமன்றத்தின் அனுமதியோடு அக்டோபர் 14இல் மறுவாய்ப்பு கிடைத்தது.

இரண்டு வினாத்தாள், ஒரே தராசு

இப்போது அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். இரு வேறு வினாத்தாள்களை எழுதியவர்களை ஒப்பிட முடியுமா?

ஒரு நிபந்தனையோடு முடியும். ஜே.இ.இ. மெயின் போன்று பல வேளைகளில் நடக்கும் தேர்வுகளில் நூற்றுமானம், அதாவது பர்சன்டைல், பயன்படுகிறது. காலையில் 200 பேர் கடினமான தாளை எழுதினர். அதில் ஒருத்தி 120 மதிப்பெண் பெற்றாள். 120ஓ அதற்குக் குறைவாகவோ பெற்றவர்கள் அவளையும் சேர்த்து 180 பேர். ஆகவே அவளுடைய நூற்றுமானம் 90. மாலையில் வேறு 200 பேர் எளிய தாளை எழுதினர். ஒருவன் 140 பெற்றான். அவனுடைய மதிப்பெண்ணோ அதற்குக் குறைவாகவோ பெற்றவர்கள் 170 பேர். அவனுடைய நூற்றுமானம் 85. மதிப்பெண் குறைவானாலும் காலையில் எழுதியவளே முன்னணியில் நிற்கிறாள்.

நிபந்தனை என்ன? காலைக் குழுவும் மாலைக் குழுவும் திறமையில் ஏறத்தாழ ஒத்திருக்க வேண்டும். பெரிய குழுக்களைக் குலுக்கிப் பிரித்தால் அப்படித்தான் இருக்கும். ஆனால் மார்ச் 24 அன்று வராமல் போனவர்களை யாரும் குலுக்கிப் பிரிக்கவில்லை. வழியில்லாமையும் வாகனமில்லாமையும் அச்சமும் பிரித்தன. அத்தகைய குழுவுக்கு நூற்றுமானம் சரியான விடை தராது. சமமான கடினமுடைய வினாத்தாளைத் தயாரித்துத் தருவதே அவர்களுக்கு நியாயம்.

தராசே இல்லாமல் நிறுப்பது

சில சமயங்களில் தேர்வையே நடத்த முடியவில்லை. 2020 ஜூன் 9இல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தாயிற்று. காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 சதவீதமும் வருகைப் பதிவுக்கு 20 சதவீதமும் கணக்கிட்டு மதிப்பெண் தரப்பட்டது. 2021 ஜூன் 5இல் பிளஸ் டூ தேர்வு ரத்தாயிற்று. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்பிலிருந்து 50, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 சதவீதம் என மதிப்பெண் கணக்கிடப்பட்டது. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நடப்பதால் இந்தக் கணக்கே அவர்களுடைய கல்லூரியைத் தீர்மானித்தது.

இங்கிலாந்தில் 2020இல் வேறொரு வழி முயன்றார்கள். ஆசிரியர் தந்த மதிப்பீட்டை, அந்தப் பள்ளியின் முந்தைய ஆண்டுகளின் முடிவுகளோடு ஒப்பிட்டு ஒரு கணக்கீட்டு முறை திருத்தியது. ஆகஸ்ட் 13இல் முடிவு வந்தபோது ஆசிரியர் மதிப்பீடுகளில் ஏறக்குறைய 40 சதவீதம் குறைக்கப்பட்டிருந்தன. மாணவர்கள் வீதிக்கு வந்தனர். நான்கே நாளில், ஆகஸ்ட் 17இல், அரசு அதைக் கைவிட்டு ஆசிரியர் மதிப்பீட்டையே ஏற்றது.

அந்தக் கணக்கில் என்ன தவறு? வெப்பநிலை தெரிந்தால் ஒரு வாயுவின் மூலக்கூறுகளுடைய சராசரி இயக்க ஆற்றலைச் சொல்லிவிடலாம். ஆனால் குறிப்பிட்ட ஒரு மூலக்கூறு என்ன வேகத்தில் போகிறது என்று சொல்ல முடியாது. பள்ளியின் பழைய சராசரி சரியாகவே இருக்கலாம். அதுவரை யாரும் முதல் மதிப்பெண் வாங்காத பள்ளியில் அந்த ஆண்டு படித்த ஒரு கெட்டிக்கார மாணவியை அது எப்படி அறியும்? மூலக்கூறுக்கு மருத்துவராகும் கனவு இல்லை, மாணவிக்கு உண்டு.

நமக்கு என்ன பாடம்?

2020இல் பத்தாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு அந்த ஆண்டும் பொதுத்தேர்வு இல்லை, 2021இல் பிளஸ் ஒன்னிலும் இல்லை. அவர்கள் எழுதிய முதல் பொதுத்தேர்வு 2022 மே மாதத்துப் பிளஸ் டூதான். ஒரே ஒரு நாளில், ஒரே ஒரு கருவியால் மட்டும் அளப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்த ஆண்டுகள் காட்டின. எந்த நல்ல ஆய்வாளரும் ஒரே அளவீட்டை நம்பி முடிவு எழுதுவதில்லை. ஆண்டு முழுவதும் நேர்மையாக எடுத்த பல சிறு அளவீடுகள் கையில் இருந்தால், பெரிய தராசு நின்றுபோகும் நாளிலும் நாம் தடுமாற மாட்டோம். ஆகவே காலாண்டுத் தேர்வுதானே என்று அலட்சியமாக எழுதாதீர்கள்!

ஜூலை 27 அன்று அந்த ஊரப்பாக்கத்துத் தோழி வேதியியல் தேர்வை எழுதினாள். செய்தியைச் சொல்ல என் வீட்டு வாசலுக்கு ஓடிவந்த மாணவியிடம், "அது அதே பரீட்சை அல்ல. ஆனால் அதே அளவு நியாயமான பரீட்சையாக இருக்க முடியும், அதற்குத்தான் உழைக்க வேண்டும்" என்றேன். "சரி சார், அவளுக்குக் கேள்வி எளிதாம்!" என்று சிரித்தாள்.

செய்து பாருங்கள்: உங்கள் வகுப்பில் எத்தனை பேர்? ஒரே காற்றைச் சுவாசிக்கும் இணைகள் எத்தனை? வகுப்பை இரண்டாகவும் நான்காகவும் பிரித்தால் அந்த எண் எப்படிக் குறைகிறது? 40 பேர் இருந்தால் விடைகள் 780, 380, 180. கணக்கைப் போட்டு முடித்ததும் வகுப்பறைச் சன்னல்களைத் திறந்து வையுங்கள்.