விலை கேட்கக் கூச்சம் ஏன்?

மீன் கடையில் நம் பெண்களை ஏமாற்றுவது லேசில் நடக்கிற காரியம் அல்ல. காசிமேடாகட்டும், சிந்தாதிரிப்பேட்டையாகட்டும், கையில் பையுடன் நிற்கிற அம்மாளைப் பாருங்கள். செவுளைத் தூக்கி, சிவப்பாக இருக்கிறதா என்று பார்க்கிறார். கண் பளபளக்கிறதா என்று பார்க்கிறார். விரலால் அழுத்துகிறார், பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் மீன் திரும்பக் கூடைக்கே போய்விடுகிறது. கடைக்காரர் எழுநூறு என்றால் இவர் ஐந்நூறு என்கிறார். பேரம் நடக்கும்போதே ஒரு கண் தராசின் மேல் இருக்கிறது.

அதே அம்மாள் குளுகுளு வசதியும் மங்கலான விளக்கும் உள்ள உயர்தரக் கடல் உணவு ஹோட்டலுக்குள் நுழைகிறார். அவ்வளவுதான், வாய் அடைத்துப் போகிறது! கடையில் ஐம்பது ரூபாய்க்காக அரை மணி நேரம் வாதாடுகிறவர், இங்கே மூவாயிரம் ரூபாய் மீனைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதில்லை. ஏன்? பக்கத்து மேஜைக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். இந்தக் கூச்சத்துக்குத்தான் பல ஹோட்டல்களில் நாம் தனியாகப் பணம் கட்டுகிறோம்.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். ஹோட்டலின் பெயர் நமக்கு வேண்டாம்.

அந்த அம்மாள் நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவர். எழுபது வயது நிறைந்தது. அப்போதுதான் உத்தியோகத்தில் சேர்ந்திருந்த கடைசிப் பிள்ளை, "அம்மா, நீ வாழ்நாளெல்லாம் எங்களுக்கு மீன் பொரித்துப் போட்டாய். இன்றைக்கு நீ உட்கார்ந்து சாப்பிடு" என்று சொல்லி, குடும்பத்தோடு அழைத்துப் போனான். வாசலிலேயே ஐஸ் கட்டிகளின் மேல் மீன்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அம்மாளுக்குப் பரம சந்தோஷம். ஒரு கொடுவா மீனைக் காட்டினார். அட்டையில் அதற்கு எதிரே 250 என்று போட்டிருந்தது.

"பரவாயில்லையே!" என்றான் பிள்ளை.

அரை மணி கழித்து மீன் வந்தது. நல்ல பீங்கான் தட்டு, மேலே எலுமிச்சை வட்டம், ஓரத்தில் ஏதோ பச்சிலை. அம்மாள் தட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, மண்டை எங்கே?"

"முள், தலையெல்லாம் எடுத்துட்டுத்தான் செய்வோம் மேடம்" என்றார் ஸர்வர், மரியாதையாக.

மண்டையில்தான் ருசி என்று நினைக்கிறவர் அந்த அம்மாள். போகட்டும் என்று ஒரு துண்டு வாயில் போட்டார். வெண்ணெயும் பூண்டும் தெரிந்தன, மீன் தெரியவில்லை. பில் வந்தபோது சமாசாரம் விளங்கிற்று. 250 ரூபாய் என்பது மீனுக்கு அல்ல, நூறு கிராமுக்கு! அட்டையில் அது பொடி எழுத்தில் இருந்தது. மீனின் எடை 1 கிலோ 200 கிராம். ஆக, அந்த ஒரு மீன் மட்டும் 3,000 ரூபாய். தலை, குடல், செதில், முள் எல்லாவற்றோடும் சேர்த்து நிறுத்த எடை அது. மேஜைக்கு வராத மண்டைக்கும் பணம்.

பிள்ளையின் முகம் ஒரு கணம் மாறியது. உடனே சிரித்துக்கொண்டான். ஆனால் தாய் அதைப் பார்த்துவிட்டார். "ஐஸ்கிரீம் சாப்பிடலாமா, பாட்டி?" என்று பேரக் குழந்தை கேட்டபோது, "பாட்டிக்குத் தொண்டை சரியில்லை, கண்ணு" என்று சொல்லிவிட்டார்.

பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு பிள்ளை தாய்க்குச் செய்த முதல் விருந்து கசந்து போயிற்றே, அதற்கு யார் ஈடு கொடுப்பது?

எடையும் விலையும்

ஹோட்டல்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. கடை வாடகை, ஐஸ், மின்சாரம், தேர்ந்த சமையற்காரரின் சம்பளம், விற்காமல் வீணாகும் சரக்கு எல்லாம் அந்த விலையில் அடக்கம். முழு மீனில் தலையும் முள்ளும் குடலும் போனால் மிஞ்சும் சதை ஏறக்குறைய பாதிதான். விலை கூடுதலாக இருப்பது குற்றமல்ல. அதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லாததுதான் குற்றம். ஆகவே, அட்டையில் "அன்றைய விலை" என்றோ "எடைக்கு ஏற்ப" என்றோ கண்டால் உடனே கேளுங்கள்: "இந்த மீன் எத்தனை கிராம்? மொத்தம் எவ்வளவு ஆகும்? மண்டையைக் குழம்பு வைத்துத் தருவீர்களா?" உங்கள் கண் முன்னே நிறுக்கச் சொல்வதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

எந்த மீன், எங்கிருந்து?

கொடுவா என்றதும் கடலில் பிடித்தது என்று நினைத்துவிட வேண்டாம். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1997-ஆம் ஆண்டிலேயே கொடுவாவைச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்க வைத்துவிட்டது. இன்று பண்ணைகளில் வளர்க்கிறார்கள். பண்ணை மீன் மட்டமல்ல. ஆனால் அதைக் கொடுத்துக் கடல் மீன் விலை வாங்கினால் அது தவறு.

இறாலும் அப்படித்தான். பஸிபிக் கடற்கரையைச் சேர்ந்த வன்னாமி இறாலை வளர்க்க நம் நாட்டில் 2009-இல் அனுமதி கிடைத்தது. இப்போது பண்ணை இறாலில் பெரும்பகுதி அதுதான். "டைகர் இறால்" என்று கேட்டு வாங்கினால், ஓட்டைக் கவனியுங்கள். அசல் டைகர் இறாலின் ஓட்டில் வெந்த பிறகும் பட்டை பட்டையாகத் தெரியும். முள்ளே இல்லாத, வாடையே இல்லாத வெள்ளை மீன் துண்டு வந்தால் அது பெரும்பாலும் பாஸா. மேகாங் நதிப் பக்கத்துக் கெளுத்தி இனம். வஞ்சிரம் விலைக்கு வாங்க வேண்டிய பண்டம் அல்ல.

நண்டு என்றால், சமைக்குமுன் கையில் எடுத்துப் பாருங்கள். பார்வைக்குப் பெரிதாக இருந்தும் இலேசாக இருந்தால், புதிதாக ஓடு மாற்றிய நண்டு. உள்ளே தண்ணீர்தான் இருக்கும்.

மே மாதத்து வஞ்சிரம்

நம் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யட்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. அந்த நாட்களில் நாட்டுப் படகுகள் மட்டுமே கரையோரமாகப் போய்வருகின்றன. மேற்குக் கரையில் தடை ஜூன் 1-இல்தான் தொடங்குகிறது. மே மாதம் அங்கிருந்து மீன் வரலாம். உறைய வைத்த மீனும் வரும். முறையாக உறைய வைத்த மீனில் கெடுதல் இல்லை. ஆனால் மே மாதத்தில் ஒருவர் பெரிய வஞ்சிரத்தைக் காட்டி, "இன்று காலை காசிமேட்டில் இறங்கியது" என்று அடித்துச் சொன்னால், நீங்கள் புன்னகை செய்துவிட்டு நெத்திலி வறுவல் கேட்பது புத்திசாலித்தனம்.

பில்லின் அடிப்பகுதி

சாப்பாடு முடிந்தது. பில்லைத் தலைப்பிலிருந்து அடி வரை படியுங்கள். ஜி.எஸ்.டி. சர்க்கார் வரி, பெரும்பாலான உணவகங்களில் 5 சதவிகிதம். அதைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் "ஸர்வீஸ் சார்ஜ்" என்பது வரி அல்ல. அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஹோட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28 அன்று டில்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. "இதை எடுத்துவிடுங்கள்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யலாம். ஸர்வர் நன்றாகக் கவனித்திருந்தால், உங்களால் முடிந்ததை அவர் கையிலேயே கொடுங்கள்; அது அவருக்கே போய்ச் சேரும்.

வீட்டில் ஒரு விசேஷம், எல்லோரும் வெளியே சாப்பிடப் போகிறீர்கள் என்றால், மீன் பார்த்து வாங்கத் தெரிந்தவரிடம் அட்டையைக் கொடுங்கள். பெரும்பாலும் அது வீட்டு அம்மாளாகவே இருப்பார். அவர் கேட்கிற கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிற ஹோட்டல் நல்ல ஹோட்டல். அங்கே இன்னொரு தடவையும் போகலாம். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். சமைப்பதற்கு முன்னால் எழுந்து வந்தால் ஒரு காசு செலவில்லை!