தங்குவதற்கு ஓர் இடம்

மும்பை மாநகரின் பரேல் பகுதியில் டாடா நினைவு மருத்துவமனை அமைந்துள்ளது. நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் புற்றுநோயாளிகள் அங்கு வருகின்றனர். அம்மருத்துவமனையைச் சுற்றியுள்ள நடைபாதைகளில் பாயும் துணிமூட்டையும் தண்ணீர்க் குடமுமாகக் குடும்பங்கள் தங்கியிருப்பதை மும்பை மக்கள் நெடுங்காலமாகக் கண்டுவருகின்றனர். தாயின் மடியில் தலைமுடி உதிர்ந்த குழந்தை உறங்கிக்கொண்டிருக்கும். வாயிலுக்கு உள்ளே தேர்ந்த மருத்துவர்களும் விலையுயர்ந்த கருவிகளும் உள்ளனர். உயரிய மருந்துகளும் உள்ளன. வாயிலுக்கு வெளியே அக்குழந்தைக்கு இரவில் படுக்க இடமில்லை. படுக்க இடமில்லாத காரணத்தால் ஒரு குழந்தையின் நோய் குணமாகாமல் போகக்கூடுமா? போகக்கூடும். அது எவ்வாறு நிகழ்கிறது என்பதையும், அதனைத் தடுக்க என்ன செய்யப்படுகிறது என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

நீண்ட சிகிச்சை

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது இரத்தப் புற்றுநோய். முன்னொரு காலத்தில் இந்நோய் கண்ட குழந்தை பிழைப்பது அரிதாக இருந்தது. இன்று நிலைமை வேறு. வளமான நாடுகளில் புற்றுநோய் கண்ட குழந்தைகளுள் 100-க்கு 80-க்கும் மேற்பட்டோர் குணமடைகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வறிய நாடுகளிலோ 30-க்கும் குறைவானவர்களே குணமடைகின்றனர். நோயைக் காலம் தாழ்த்திக் கண்டறிவதும், மருந்து கிடைக்காமையும் இதற்குக் காரணங்கள். மற்றொரு காரணமும் உண்டு. அது தொடங்கிய சிகிச்சையை நடுவில் நிறுத்திவிடுவது.

பெற்ற குழந்தையின் சிகிச்சையை யாரேனும் நிறுத்துவார்களா என்று உங்களுக்குத் தோன்றலாம். பீகாரின் சிற்றூர் ஒன்றில் வாழும் கொத்தனார் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய மகளுக்கு ஆறு வயது. காய்ச்சல் வந்து வந்து போகிறது. அடிபடாமலேயே உடல் ஆங்காங்கே கன்றிப்போகிறது. பரிசோதனையில் இரத்தப் புற்றுநோய் என்று தெரிகிறது. மும்பைக்குச் செல்லுமாறு மருத்துவர் கூறுகிறார். தாயும் தந்தையும் குழந்தையுடன் இரயில் ஏறுகின்றனர். பத்து வயது மகன் பாட்டியுடன் ஊரில் இருந்துவிடுகிறான்.

இந்நோய்க்கான சிகிச்சை ஏறத்தாழ இரண்டு முதல் இரண்டரை ஆண்டுகள் நீடிக்கும். அவற்றுள் முதல் ஆறு முதல் எட்டு மாதங்கள் மருத்துவமனைக்கு அருகிலேயே இருக்க வேண்டும். கொத்தனாருக்கு வேலை செய்யும் நாளில் மட்டுமே கூலி உண்டு. மும்பையில் அவருக்கு வேலை இல்லை, மொழியும் தெரியாது, வாடகை மட்டும் நாள்தோறும் ஏறிக்கொண்டே போகிறது. நகை அடகுக்குப் போகிறது. பின்னர் நிலம் போகிறது.

இந்த இடத்தில் நோயும் ஒரு சூழ்ச்சி செய்கிறது. முதல் நான்கைந்து வாரங்கள் மருந்து கொடுத்த பிறகு, பெரும்பாலான குழந்தைகளின் இரத்தத்தில் புற்றணுக்கள் நுண்ணோக்கிக்கும் தென்படாத அளவுக்குக் குறைந்துவிடும். குழந்தை சிரிக்கும்; ஓடியாடும்; பசிக்கிறது என்று கேட்கும். நோய் தீர்ந்துவிட்டது என்று பெற்றோர் நம்புவது இயல்பு. கையில் பணமும் இல்லை. ஊருக்குத் திரும்பிவிடுகின்றனர். ஆனால் கண்ணுக்குத் தென்படாமல் எஞ்சியிருக்கும் அணுக்கள் சில மாதங்களில் மீண்டும் பெருகிவிடும். அவ்வாறு திரும்பி வரும் நோயைக் குணப்படுத்துவது முன்னைவிட மிகக் கடினம். தொடர்ச்சியாக நான்கு வாரங்களுக்கு மேல் ஒரு குழந்தை சிகிச்சைக்கு வரவில்லையெனில், சிகிச்சை கைவிடப்பட்டதாக மருத்துவர்கள் கொள்கின்றனர். அக்கொத்தனாரை அன்பில்லாதவர் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார்; கணக்கு முடியவில்லை.

இடமும் மருந்தே

நடைபாதையில் தங்கினாலும் சிகிச்சையைத் தொடரலாமே என்று கேட்கலாம். அதிலும் இடர் உண்டு. புற்றணுக்களை அழிக்கும் மருந்துகள், நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களையும் சேர்த்தே அழித்துவிடுகின்றன. அந்நாள்களில் நமக்கெல்லாம் இரண்டு நாள் காய்ச்சலாக வந்துபோகும் கிருமி, அக்குழந்தையின் உயிரையே பறித்துவிடும். காய்ச்சல் கண்டால் விரைவில், இயன்றால் ஒரு மணி நேரத்துக்குள், மருந்து ஏற்றத் தொடங்க வேண்டும். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுக்க வேண்டும். உணவை அப்போதே சமைத்துச் சூடாகத் தர வேண்டும். தெருவோரத்தில் வாழ்பவருக்கு இவற்றுள் எது இயலும்? ஆதலால், சுத்தமான அறையும் அடுப்பும் மருத்துவமனைக்கு எளிதில் செல்லும் வசதியும் சிகிச்சையின் பகுதிகளே ஆகும்.

இத்தேவையை உணர்ந்து 2006-ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கப்பட்டது செயின்ட் ஜூட் இந்தியா சைல்டுகேர் சென்டர்ஸ் என்னும் தொண்டு நிறுவனம். நிகால் கவிரத்னே, சியாமா கவிரத்னே இணையர் இதனை நிறுவினர். புற்றுநோய்ச் சிகிச்சைக்காக வெளியூரிலிருந்து வரும் ஏழைக் குழந்தையும் பெற்றோரும் இங்குக் கட்டணமின்றித் தங்கலாம். இன்று கொல்கத்தா, தில்லி, ஐதராபாத், ஜெய்ப்பூர், குவாகாத்தி, சென்னை முதலிய நகரங்களிலும் இதன் இல்லங்கள் உள்ளன. மும்பையின் காட்டன் கிரீன் பகுதியில் துறைமுகத்துக்கு உரிய பழைய கட்டடங்கள் இத்தகைய இல்லங்களாக மாற்றப்பட்டுள்ளன.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியிடம் உண்டு, சமையலறை பொது. அரிசி, பருப்பு முதலிய பொருள்களை நிறுவனம் வழங்குகிறது. தாய்மார் தத்தம் குழந்தைகளுக்குத் தாமே சமைக்கின்றனர். சமைத்த உணவையே கொடுத்துவிட்டால் எளிதல்லவா? எளிதுதான். ஆயினும் மருந்தின் கடுமையால் வாய் கசந்திருக்கும் குழந்தை, பழகிய கைப்பக்குவத்தையே நாடும். இம்முறையை வகுத்தவர்கள் பசியை மட்டுமன்றிக் குழந்தையின் மனத்தையும் அறிந்தவர்கள் என்றே கூறத் தோன்றுகிறது. ஓர் அடுப்பில் வங்காளத்து மீன்குழம்பும் மற்றோர் அடுப்பில் பீகார்க் கிச்சடியும் கொதிக்கும் அச்சமையலறையில், மொழி தெரியாத பெண்கள் கையசைவால் பேசத் தொடங்குகின்றனர். பிறமாநிலத்தில் குடியேறிய புதிதில் அக்கம்பக்கத்தாருடன் எவ்வாறு பேசிப் பழகினார் என்று உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். இது நன்கு விளங்கும். சிகிச்சையின் ஏழாம் மாதத்தில் இருக்கும் தாய், நேற்று வந்த தாய்க்குச் சொல்லும் ஆறுதலை எந்த மருத்துவராலும் சொல்ல இயலாது.

டாடா நினைவு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவும் பிற தொண்டு நிறுவனங்களுடன் சேர்ந்து உறைவிடம், பணம், உணவு, ஆலோசனை ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்தது. குறித்த நாளில் வராத குழந்தையின் பெற்றோரைத் தொலைபேசியில் அழைத்து விசாரிக்கவும் ஆள்களை அமர்த்தியது. 2009-இல் அங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தையின் சிகிச்சை கைவிடப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அவ்வெண்ணிக்கை 100-க்கு 5-க்கும் கீழே இறங்கியது.

இம்மருத்துவமனையின் தோற்றத்துக்கும் ஒரு குடும்பத்தின் துயரமே காரணம். மெஹர்பாய் டாடா 1931-இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். அவருடைய கணவர் தொராப்ஜி டாடாவின் பெயரிலமைந்த அறக்கட்டளை 1941-இல் இதனைத் திறந்தது. சென்னையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, மக்களிடம் நிதி திரட்டி 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அன்று அதில் இருந்தவை 12 படுக்கைகள்.

அரசின் உதவி

தொண்டு நிறுவனங்களால் மட்டும் எல்லாச் சுமையையும் தாங்க முடியாது. 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், தகுதியுடைய ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவு ஏற்கப்படுகிறது. வாடகையும் இழந்த கூலியும் அதில் அடங்கா. இரயில்வே துறை, சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் கட்டணம் முழுவதையும் தள்ளுபடி செய்கிறது. உடன்செல்லும் ஒருவருக்கு 75 விழுக்காடு சலுகை தருகிறது. இதற்கு மருத்துவமனை தரும் சான்றிதழ் வேண்டும். இச்சலுகை பலருக்குத் தெரியாது. சிகிச்சைக்காக ஊரிலிருந்து உங்கள் வீட்டில் வந்து தங்கும் உறவினருக்கு இதனை நீங்களே எடுத்துரைக்கலாம்.

கொடுக்கும் முறை

நோயுற்ற குழந்தையின் அழும் முகத்தைப் படம் பிடித்துக் காட்டிப் பணம் திரட்டும் வழக்கம் இப்போது பரவியுள்ளது. பணம் சேர்கிறது என்பது உண்மை. ஆனால் அக்குழந்தை குணமாகிப் பள்ளிக்குத் திரும்பும்போது, அப்படம் அதற்கு முன்னே அங்குப் போயிருக்கும். பெயரையும் முகத்தையும் காட்டாமல் உதவி பெறும் உரிமை ஏழைக் குழந்தைக்கும் உண்டு.

பணம் அல்லாத உதவியும் வேண்டும். சிகிச்சையின்போது குழந்தைகளுக்கு இரத்தத் தட்டணுக்கள் அடிக்கடி தேவைப்படும். அவற்றை ஏறத்தாழ ஐந்து நாள்களே சேமித்து வைக்கலாம். ஆகவே, கொடையாளர் நாள்தோறும் வந்துகொண்டே இருக்க வேண்டும். கொடையளிக்க 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால் நீங்கள் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

ஊரில் பாட்டியுடன் இருக்கும் அப்பத்து வயது மகனை நாம் மறந்துவிட்டோம். பெரும்பாலும் எல்லோரும் மறந்துவிடுகின்றனர். பள்ளிக் கட்டணம் கட்ட ஆளின்றி அவன் படிப்பும் நின்றுவிடுவது உண்டு. தங்கைக்கு என்ன ஆயிற்று என்று அவனிடம் யாரும் விளக்குவதில்லை. அவளோடு சண்டையிட்டதால்தான் நோய் வந்ததோ என்றுகூட அவன் அஞ்சக்கூடும். அவனுடன் தொலைபேசியில் பேசவும், அவன் படிப்பைத் தொடரவும் ஏற்பாடு செய்வதைக் குடும்ப உதவியின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.

எட்டு மாதங்களுக்குப் பின் அக்குடும்பம் ஊருக்குப் புறப்படுகிறது. வீட்டில் உண்ண வேண்டிய மாத்திரைகளும், அடுத்து வரவேண்டிய நாள் குறித்த அட்டையும் தாயின் பையில் உள்ளன. அவர்கள் தங்கிய அறை அன்றே கழுவித் துடைக்கப்படுகிறது. வெளியே இன்னொரு குடும்பம் மூட்டையுடன் காத்திருக்கிறது.