குட்டி ஸ்பீக்கருக்கு இவ்வளவு சத்தம் எப்படி வருது?

பாலகாட் உள்ளிட்ட சுரங்கங்கள் இருந்த கோலார் தங்கவயலுக்கு 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கி.மீ. தூரம் மின்சாரம் வந்தது. வழியில் வீணாகாமல் இருக்க, டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜை ஏற்றி அனுப்பினார்கள். உங்க புளூடூத் ஸ்பீக்கருக்குள்ளும் வோல்டேஜ் ஏறுது. ஆனால் காரணம் வேறு, வழியும் வேறு.

ஒரு லித்தியம் செல் தருவது சுமார் 3.7 வோல்ட். அதை வைத்து 4 ஓம் ஸ்பீக்கரில் 1.7 வாட்டுக்கு மேல் போனால் ஒலி பிசிறடிக்கும். வோல்டேஜை இரட்டிப்பாக்கினால் பவர் நாலு மடங்கு, கிட்டத்தட்ட 7 வாட்.

பேட்டரியில் வருவது டிசி, டிரான்ஸ்பார்மர் நேரடியாக எடுபடாது. அதனால் பூஸ்ட் கன்வெர்ட்டர். ஒரு காயிலில் நொடிக்கு லட்சக்கணக்கான முறை கரண்ட்டை விட்டு விட்டு நிறுத்தும். நிறுத்தும்போது காயிலில் சேர்ந்த ஆற்றல், பேட்டரி வோல்டேஜோடு சேர்ந்து கபாசிட்டருக்குப் போகும்.

இது சும்மா கிடைக்காது. 7 வாட் வேணும்னா, 90% திறனிலும் செல் 2 ஆம்பியருக்கு மேல் தரணும். பழைய செல் திணறும்; சார்ஜ் மிச்சம் காட்டும்போதே ஸ்பீக்கர் அணைவது இதனாலும்தான். பாட்டில் உச்ச சத்தம் வருவதோ கொஞ்ச நேரம். எனவே செல்போன்களில் உள்ள சில ஆம்ப் சிப்கள் சிக்னலை முன்கூட்டியே பார்த்து, பலத்த தவில் அடி வரும்போது மட்டும் வோல்டேஜை ஏற்றுகின்றன. மற்ற நேரத்தில் பூஸ்ட் ஓய்வெடுக்கும்.