சொங்காக் விளையாட்டைக் கணினிக்குக் கற்றுக்கொடுப்போமா?

மாணவர்களே, சொந்தமாக ஒரு கணினி விளையாட்டை எழுத வேண்டும் என்ற ஆசை உங்களில் பலருக்கு இருக்கும். கார் பந்தயம் போன்ற பெரிய விளையாட்டில் தொடங்கினால், படங்களை உருவாக்குவதிலேயே பல மாதங்கள் போய்விடும். தொடக்கநிலையினருக்கு இருவர் ஆடும் பலகை விளையாட்டே ஏற்றது. அதைத் தேடிப் பண்டார் தெங்காராவை விட்டு எங்கும் போக வேண்டாம். மலாய் நண்பர்கள் ஆடும் சொங்காக்கும் நம் பாட்டிமார் ஆடிய பல்லாங்குழியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இன்று சொங்காக்கை எடுத்துக்கொள்வோம்.

முதலில் விதிகள்

கணினியைத் தொடுமுன் தாளையும் பேனாவையும் எடுங்கள். ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் 7 குழிகள், ஒரு பெரிய வீடு. குழிக்கு 7 காய்கள். ஆக மொத்தம் 98. ஒரு குழியின் காய்களை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட வேண்டும். நம் வீட்டிலும் ஒரு காய் போடலாம். எதிராளியின் வீட்டைத் தாண்டிவிட வேண்டும்.

கடைசிக் காய் எங்கே விழுகிறது? நம் வீட்டில் என்றால் மறுபடியும் ஆடலாம். காய் உள்ள குழி என்றால் அதிலுள்ள எல்லாவற்றையும் அள்ளித் தொடரலாம். நம் பக்கத்துக் காலிக் குழி என்றால், அந்தக் காயும் எதிர்க்குழியின் காய்களும் நம் வீட்டுக்கு வரும், முறை முடியும். எதிராளி பக்கத்துக் காலிக் குழி என்றால் வெறுமனே முறை முடியும்.

நேரில் ஆடும்போது தொடக்கத்தில் இருவரும் ஒரே நேரத்தில் காய் போடுவது வழக்கம். முதல் நிரலில் அது வேண்டாம். மாறி மாறி ஆடுவதாக வைத்துக்கொள்வோம். விதிகள் ஊருக்கு ஊர் சற்று மாறும். நேரில் என்றால் பேசித் தீர்த்துக்கொள்வோம். கணினியோ எழுதியதை மட்டுமே செய்யும், எழுதாததை ஊகிக்காது.

பலகை ஓர் எண் பட்டியல்

நிரலுக்குப் பலகையின் படம் தேவையில்லை, 16 எண்கள் கொண்ட பட்டியல் போதும். முதல் ஆட்டக்காரரின் குழிகள் 0 முதல் 6 வரை, அவர் வீடு 7. இரண்டாமவரின் குழிகள் 8 முதல் 14 வரை, அவர் வீடு 15. இதோடு 'இப்போது யார் முறை' என்பதைக் காட்டும் ஒரு மாறி. இவ்வளவுதான் விளையாட்டின் முழு நிலை.

15க்கு அடுத்தது மறுபடி 0 அல்லவா? இடத்தின் எண்ணுடன் 1 கூட்டி, 16ஆல் வகுத்து, மீதியை எடுங்கள். 15+1=16; மீதி 0. எதிர்க்குழியைக் கண்டுபிடிக்க 14இலிருந்து குழி எண்ணைக் கழியுங்கள். 3ஆம் எண் குழிக்கு எதிரே 11.

வழுவைப் பிடிப்பது எப்படி?

காய்கள் பிறப்பதும் இல்லை, மறைவதும் இல்லை. ஆகவே ஒவ்வொரு முறைக்குப் பிறகும் 16 எண்களையும் நிரலே கூட்டிப் பார்க்கட்டும். விடை 98 இல்லையென்றால் எங்கோ வழு இருக்கிறது. முதல் ஆட்டத்திலேயே 105 வந்தால், காய்களை அள்ளிய குழியைப் பூச்சியமாக்க மறந்துவிட்டீர்கள் என்று சந்தேகிக்கலாம்.

ஆனால் இந்தச் சோதனை எல்லா வழுக்களையும் பிடிக்காது. எதிராளியின் வீட்டைத் தாண்ட மறந்தாலும் கூட்டுத்தொகை 98 ஆகவே இருக்கும்! அதற்கு நிஜப் பலகையில் ஆடிப் பார்த்து ஒப்பிட வேண்டும். முதல் ஆட்டக்காரர் 3ஆம் எண் குழியில் தொடங்கட்டும். 7 காய்களும் 10ஆம் எண் குழியில் முடியும். அங்குள்ள 8 காய்களை அள்ளிப் போட்டால், 15ஐத் தாண்டி, கடைசிக் காய் 3க்கே திரும்பி வரும். அது இப்போது காலி. எதிரே 11இல் உள்ள 8 காய்களும் கடைசிக் காயும் வீட்டுக்கு வரும். ஏற்கெனவே அங்கு ஒன்று இருந்ததால் மொத்தம் 10. உங்கள் நிரலும் 10 காட்டுகிறதா?

இரு கணினிகளில் ஆட

ஒரே கணினியில் இருவர் ஆடுவது சரியாக வந்தபின் இணையத்துக்குப் போகலாம். நீங்கள் பண்டார் தெங்காராவில், நண்பர் கூலாயில் என்று வைத்துக்கொள்வோம். இரு கணினிகளும் தனித்தனிப் பலகை வைத்திருந்து, இணைப்பு ஒரு நொடி அறுந்தால், எந்தப் பலகை சரி? இதற்காகத்தான் பலகையைச் சேவையகம் என்ற பொதுக் கணினியில் வைக்கிறார்கள். உங்கள் கணினி 'குழி 3' என்று மட்டும் அனுப்பும். இது உங்கள் முறைதானா, அந்தக் குழியில் காய் இருக்கிறதா என்று சேவையகம் சரிபார்த்து, புதிய பலகையை இருவருக்கும் அனுப்பும். நண்பர் தன் கணினியில் எண்ணை மாற்றி ஏமாற்றவும் முடியாது.

பெரிய இணைய விளையாட்டுகள் பலவற்றிலும் இதே முறைதான். இந்த வாரம் விதிகளைத் தாளில் எழுதுங்கள். உங்கள் தாளை மட்டும் பார்த்துத் தம்பியோ தங்கையோ சண்டையில்லாமல் ஆட முடிந்தால், நிரல் எழுத நீங்கள் தயார்.